நஜீபைப் பார்ப்பதற்கு முன்...

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன், சகோதரிகளே. நாவல் ஒன்று படமாக வந்திருக்கிறது. கையில் புத்தகமும் இருக்கிறது, கைப்பேசியில் படமும் இருக்கிறது. எதை முதலில் எடுப்பீர்கள்?

"படத்தைத்தான்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். எனக்குத் தெரியும். படம் என்றால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்கலாம். புத்தகம் என்றால் உட்கார வேண்டும், கண்ணாடியைத் தேட வேண்டும், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வருவதற்குள் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். நானும் அப்படி இருந்தவள்தான். எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வந்திருக்கவே மாட்டேன்.

காரியம் இதுதான். என் கணவரின் தம்பிக்கு சவூதிக்கு வீசா வந்தது. வயது இருபத்திரண்டு. "தோட்ட வேலை, சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள்" என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். மூதூரில் இது ஓர் அதிசயச் செய்தி அல்ல. எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஒருவரையும் அனுப்பாத வீடு எது என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். என் மாமியே 1990களில் இரண்டு தடவை றியாத்துக்குப் பணிப்பெண்ணாகப் போய் வந்தவர். நாங்கள் இருக்கும் வீட்டின் சுவரும் ஓடும் அவர் அங்கே பாத்திரம் கழுவிய காசு.

அந்த நாட்களில்தான் 'ஆடுஜீவிதம்' என்ற மலையாளப் படத்தைப் பற்றி இளைஞர்கள் கதைத்துக்கொண்டு திரிந்தார்கள். 2024 மார்ச் 28ஆம் தேதி தியேட்டர்களுக்கு வந்து, பிறகு இணையத்திலும் வந்துவிட்டது. தமிழ்ப் பேச்சோடும் கிடைக்கிறது. தம்பியும் நண்பன் ஒருவனின் கைப்பேசியில் பாதி பார்த்தான். "அது படம்தானே மதினி, கூட்டிக் குறைத்து எடுத்திருப்பான்கள்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். மாமிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "எனக்கும் அந்தப் படத்தைக் காட்டு மகள்" என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் பெரிய திரை இல்லை. சம்பூரில் இருக்கும் என் தோழியின் வீட்டில் இருக்கிறது. அவர் ஒரு பாடசாலை ஆசிரியை. என்னைவிட மூத்தவர், நான் 'டீச்சர்' என்பேன், அவர் 'தங்கச்சி' என்பார். 2006இல் சம்பூர் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவரும் போனார். அதே வருடம் ஆகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்களும் மூட்டை முடிச்சோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தோம். நாங்கள் சில வாரங்களில் திரும்பினோம். சம்பூர் சனத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவர்களுடைய காணி அனல்மின் நிலையத்துக்கு என்று எடுக்கப்பட்டு, மண்ணை மறுபடி மிதிக்கப் பத்து வருடங்கள் ஆயின. டீச்சரின் வீட்டில் இருந்த இரண்டு அலுமாரிப் புத்தகமும் அந்தப் பத்து வருடத்தில் மண்ணோடு மண். திரும்பி வந்து கூரை போட்டதும் அவர் செய்த முதல் வேலை, மறுபடியும் புத்தகம் சேர்க்கத் தொடங்கியது.

படம் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வாங்கோ தங்கச்சி. ஆனா ஒரு கண்டிசன். முதல்ல இதைப் படிச்சுப்போட்டு வாங்கோ" என்று ஒரு புத்தகத்தைத் தந்தார். பென்யாமின் எழுதிய அதே 'ஆடு ஜீவிதம்'. தமிழில் எஸ். ராமன் மொழிபெயர்த்து உயிர்மை பதிப்பகம் வெளியிட்டது.

"எனக்கு நேரம் எங்கே டீச்சர்? மாமிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்."

"அப்ப சத்தமா வாசியுங்கோ. ஆளுக்கொரு காது இருக்குதானே?"

இஷாவுக்குப் பிறகு

இஷாத் தொழுகை முடிந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, விறாந்தையில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். மாமி, நான், பக்கத்து வீட்டு ராத்தா ஒருவர். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். பதினொரு இரவுகள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நஜீப் கேரளத்தில் ஆற்றில் முங்கி மணல் அள்ளும் தொழிலாளி. மனைவி சைனு கர்ப்பிணி. கடன்பட்டு ஒரு வீசா எடுத்து, ஹக்கீம் என்ற சிறுவயதுப் பையனோடு றியாத்தில் போய் இறங்குகிறான். விமான நிலையத்தில் கூட்டிப்போக வருபவரை முதலாளி என்று நம்பி வண்டியில் ஏறுகிறார்கள். வண்டி பாலைவனத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஹக்கீம் ஒரு ஆட்டுப்பட்டியில் இறக்கப்படுகிறான், நஜீப் இன்னொன்றில். அங்கே மூன்று வருடத்துக்கும் மேல். கடைசியில் இப்ராஹீம் காதிரி என்ற சோமாலி நாட்டவரோடு மூவரும் தப்பி ஓடுகிறார்கள். ஹக்கீம் தாகத்தால் மணலிலேயே மௌத்தாகிறான்.

இது முழுக்க முழுக்கக் கற்பனை அல்ல. ஆலப்புழை மாவட்டத்து ஆறாட்டுப்புழா என்ற கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 1990களின் தொடக்கத்தில் சவூதியில் நேர்ந்தது. பஹ்ரைனில் இருபது வருடம் வேலை பார்த்த பென்யாமின், அங்கே அவரைச் சந்தித்துக் கேட்டு எழுதினார். 2008இல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டின் கேரள சாகித்திய அகாதமி விருது அதற்குத்தான். நூறு பதிப்பையும் தாண்டிப் போன புத்தகம். எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்று நான் சொன்னபோது ராத்தா நம்பவில்லை. "அல்லாஹ்விடம் இப்படி அழுது கேட்கிறானே, இதை எப்படி அவர் எழுதினார்?" என்றார். எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

முதல் இரவே மாமி ஒரு இடத்தில் என்னை நிறுத்தினார். பட்டியில் முதல் நாள் காலையில், வெளிக்குப் போய்விட்டுக் கழுவத் தண்ணீர் எடுக்கிறான் நஜீப். அர்பாப் ஓடிவந்து அடிக்கிறான். அந்தத் தண்ணீர் ஆடுகளுக்கு, மனிதனுக்கு அல்ல. அடியைவிட அந்த அசுத்தம்தான் அவனுக்குத் தாங்க முடியாமல் போகிறது. சுத்தம் பழகி வளர்ந்த நமக்கு இது எப்படி இருக்கும்! மாமி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தண்ணி தந்தார்கள் மகள். ஆனால் குளியலறைக்கு உள்பூட்டு இல்லை" என்றார். அவ்வளவுதான். நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம். இந்த ஒரு வாக்கியத்தை அன்றுதான் கேட்டேன்.

இன்னொரு விஷயம் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அந்த நாவல் முழுவதையும் நஜீபே சொல்கிறான். "நான் போனேன், நான் குடித்தேன், நான் அழுதேன்" என்று. நான் சத்தமாக வாசிக்கும்போது அந்த 'நான்' ஒரு பெண்ணின் குரலில் வருகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மாமிக்கு அது நஜீபாகவும் இருந்திருக்கும், நானாகவும் இருந்திருக்கும், அவராகவும் இருந்திருக்கும்.

நஜீப் சைனுவுக்கு மனதாலேயே கடிதம் எழுதுகிறான். கடதாசியும் இல்லை, எழுதினால் அனுப்ப வழியும் இல்லை. அந்தக் கடிதங்களில் அவன் சுகமாக இருப்பதாகத்தான் சொல்கிறான். நல்ல சாப்பாடு, நல்ல முதலாளி. பொய் என்று அவனுக்கும் தெரியும். இதை வாசித்தபோது மாமி எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய கசெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து கசெட்டாக அனுப்புவார்கள் அல்லவா, அப்படி அவர் றியாத்திலிருந்து பேசி அனுப்பியது. போட்டுக் கேட்க இப்போது எங்களிடம் கருவி இல்லை. "இதிலும் நான் சுகமாகத்தான் இருக்கிறேன்" என்றார் மாமி.

பிறக்கப்போகும் பிள்ளை ஆண் என்றால் நபீல் என்று பெயர் வைக்க நினைத்திருந்தான் நஜீப். பட்டியில் ஒரு ஆடு ஈனும்போது தானே குட்டியை ஏந்தி எடுத்து, அதற்கு நபீல் என்று பெயர் வைக்கிறான். பிறகு ஒருநாள் அர்பாப் கடாக்குட்டிகளுக்குக் காயடிக்கும்போது நபீலும் அதில் அகப்படுகிறது. அன்றிரவு அந்தப் பக்கத்தோடு மூடிவிட்டேன். மேலே வாசிக்கும்படி யாரும் கேட்கவுமில்லை.

இப்ராஹீம் காதிரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழி தெரியாத பாலையில் வழி காட்டுகிறார், தண்ணீரைக் கண்டுபிடிக்கிறார், கரை சேரும் நேரத்தில் காணாமல் போய்விடுகிறார். எங்கே போனார்? நாவல் சொல்லவில்லை. ராத்தா உடனே, "இது ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதை மாதிரி அல்லவா இருக்கிறது" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. நாவலாசிரியர் அதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, எங்கள் விறாந்தையில் அந்தப் பெயருக்கு அப்படி ஒரு பொருள் வந்துவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாவலில் ஒரு இரவு இருக்கிறது. மனிதன் தன் நிலை மறந்துபோன இரவு. அதைச் சத்தமாக வாசிக்க எனக்கு நா எழவில்லை. இரண்டு பக்கத்தைத் தள்ளிப் புரட்டிவிட்டேன். வளர்ந்த பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்குமுன் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். படம் வந்த சமயத்தில் இந்த இடத்தை வைத்துத்தான் பெரிய வாக்குவாதம் எழுந்தது. நிஜ நஜீபை மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் கொண்டுவந்து நிறுத்தியதால், நாவலில் உள்ள ஒவ்வொன்றும் அவருக்கு நடந்ததுதான் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பலருடைய அனுபவமும் கற்பனையும் கலந்து எழுதியது என்று பென்யாமின் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பேரப்பிள்ளை காணும் வயதில் அந்த மனிதர் வீட்டில் எப்படி முகம் காட்டியிருப்பார்? புத்தகம் மட்டும் இருந்தவரை இந்தச் சங்கடம் இந்த அளவுக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சம்பூரில் ஒரு சனிக்கிழமை

பதினோராம் இரவு புத்தகம் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை ஆட்டோ பிடித்து நான்கு பேர் சம்பூருக்குப் போனோம். தம்பியையும் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டோம். "பாதி பார்த்த படம்" என்று முனகிக்கொண்டுதான் வந்தான்.

படத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பிளெஸ்ஸி என்ற இயக்குநர் பல வருடம் இதைச் சுமந்து திரிந்து எடுத்திருக்கிறார். 2018இல் தொடங்கிய படப்பிடிப்பு 2022இல்தான் முடிந்தது. ஜோர்தானின் வாதி ரம் பாலையில் எடுத்துக்கொண்டிருக்கும்போது கொரோனா வந்து, 2020இல் படக்குழுவினர் ஐம்பதுக்கும் அதிகமானோர் இரண்டு மாதமளவில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அல்ஜீரியாவின் சஹாராவிலும் எடுத்தார்கள். நடிகர் பிருதிவிராஜ் முப்பது கிலோ அளவில் உடல் மெலிந்து நடித்தார். முதுகெலும்பு தெரிய அவர் குளிக்கும் காட்சியில் டீச்சரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேரள அரசின் சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர் விருதுகள் இதற்குக் கிடைத்தன. ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் 'பெரியோனே' என்ற பாட்டு நம் ஊர்ப் பையன்களின் கைப்பேசிகளிலும் ஒலிக்கிறது.

ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? நாவல் பின்னிருந்து தொடங்குகிறது. நஜீப் தன்னைப் பிடித்துச் சிறையில் போடும்படி பொலிஸ் நிலைய வாசலில் போய் நிற்கிறான், அதுதான் ஆரம்பம். ஆகவே அவன் உயிரோடு தப்பிவிடுவான் என்று வாசிக்கிறவருக்கு முதலிலேயே தெரியும். இனி என்ன நடக்குமோ என்ற படபடப்பு இல்லாமல், எப்படித் தாங்கினான் என்று மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். படம் சிறைக் கதையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது. தம்பி கதிரையின் நுனியில் இருந்தான், மாமி சாய்ந்து இருந்தார். ஒரே படத்தை இருவர் இரண்டு விதமாகப் பார்த்தார்கள்.

சைனுவும் மாறிவிட்டாள். புத்தகத்தில் அவள் அதிகம் வருவதில்லை, நஜீபின் மனதில்தான் இருக்கிறாள். படத்தில் ஆறும் பாட்டும் கொஞ்சலுமாக நீண்ட காட்சிகள். பிள்ளைகளோடு இருந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது என்பது ஒருபுறம். எனக்கு வேறு ஒரு குறை. வாசித்தபோது என் சைனுவுக்கு எங்கள் தெருவில் புருஷனை அனுப்பிவிட்டு இருக்கும் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. படம் முடிந்து வீடு வந்து நினைத்துப் பார்க்கிறேன், அமலா பாலின் முகம்தான் வருகிறது. அந்தப் பெண் போய்விட்டாள்.

முதலில் படம் பார்ப்பதில் உள்ள பெரிய நட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். வைக்கம் முஹம்மது பஷீரின் 'மதில்கள்' என்ற சிறிய நாவல் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சிறைக்குள் ஒரு ஆண், மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறையில் நாராயணி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான். அதை அடூர் கோபாலகிருஷ்ணன் 1990இல் படமாக்கியபோது நாராயணியின் முகத்தைக் காட்டவே இல்லை. எவ்வளவு நாகரிகமான முடிவு! ஆனாலும் கே.பி.ஏ.சி. லலிதாவின் குரலைக் கொடுத்துவிட்டார். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு இனி வேறு நாராயணி இல்லை. முகத்தை ஒளித்தவராலும் குரலை ஒளிக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் நாவல் படமான கதை உண்டு. செங்கை ஆழியான் நெடுந்தீவுக் கடற்கரையை வைத்து எழுதிய 'வாடைக்காற்று' 1978இல் பிரேம்நாத் மொறாயிஸின் இயக்கத்தில் படமாக வந்தது. இன்று அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பது சுலபமல்ல, நாவல் கிடைக்கிறது. 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக 2022இலும் 2023இலும் வந்ததும், கல்கியின் ஐந்து பாகத்தையும் அதன் பிறகு வாங்கிப் படித்தவர்களை டீச்சருக்குத் தெரியுமாம். ஆக, படம் புத்தகத்துக்கு ஆள் சேர்க்கவும் செய்கிறது. அதை மறுக்க மாட்டேன்.

ஒரு கடதாசி

நாவலிலும் படத்திலும் கடைசியில் ஒரு இடம் வருகிறது. சிறையில் கைதிகளை வரிசையில் நிறுத்தி அர்பாப்மார் வந்து தங்கள் ஆட்களை அடையாளம் காட்டிக் கூட்டிப்போகிறார்கள். நஜீபின் அர்பாபும் வருகிறான், பார்க்கிறான், போய்விடுகிறான். இவன் தன் வீசாவில் வந்தவன் அல்ல, இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போயிருப்பேன் என்கிறான். அதாவது அத்தனை வருடமும் நஜீபை வைத்திருந்தவன் அவனுடைய கஃபீலே அல்ல! விமான நிலையத்தில் கண்ணில் பட்டவனைப் பிடித்துக்கொண்டு போனவன். கடதாசியில் இருந்த முதலாளி வேறு யாரோ.

கடதாசியில் ஒன்று, நடப்பில் இன்னொன்று. இது மூதூருக்குத் தெரியாத கதையா? ரிஸானா நபீக் நம் ஊர்ப் பிள்ளை. 1988இல் பிறந்தவளின் கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு, 2005இல் பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பினார்கள். பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றாள் அவள், கொலை என்றது வழக்கு. அவள் சொன்னதை மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் சொன்னாரா என்ற கேள்வி கடைசிவரை நின்றது. 2013 ஜனவரி 9ஆம் தேதி மரணதண்டனை நிறைவேறியது. அல்லாஹ் அவளைப் பொருந்திக்கொள்வானாக. அந்த நாள் மூதூரில் அடுப்பு எரியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

படம் முடிந்து சம்பூரில் வாசலுக்கு வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. திரும்பி வந்த காணிகளில் பற்றைக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. யாரும் எதுவும் பேசவில்லை. ஆட்டோவில் ஏறுமுன் மாமி தம்பியைப் பார்த்து, "உன் வீசாக் கடதாசியை இன்றைக்கு மதினியிடம் குடு" என்றார்.

இஷாவுக்குப் பிறகு அதே பாயில் உட்கார்ந்தோம். அரபியில் இருந்தது. நான் மத்ரஸாவில் நாலு வருடம் ஓதியவள். பேசத் தெரியாது, எழுத்து வாசிப்பேன். புத்தகத்தை வாசித்த அதே சத்தத்தில் ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொன்னார் மாமி. கஃபீலின் பெயர் வாசித்தேன். ஊர் வாசித்தேன். தொழில் என்ற இடத்துக்கு வந்தபோது ஒரு சொல் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. 'ராஈ'. நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர் என்று வரும் ஹதீஸில் சின்ன வயதிலேயே பாடமாக்கிய சொல் அல்லவா அது! உஸ்தாத் அதற்கு முதலில் சொல்லித்தந்த பொருள், மேய்ப்பவன்.

தோட்ட வேலை என்றுதானே சொன்னார்கள்? தம்பி கடதாசியை வாங்கி, தனக்குத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிழையாக அடித்திருப்பார்கள்" என்றான். மறுநாள் ஏஜென்சிக்குப் போய்க் கேட்டான். "எல்லாம் ஒன்றுதான் தம்பி, அங்கே போனால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்களாம்.

ஆடு மேய்ப்பது இழிவான தொழில் என்று நான் சொல்லவில்லை. நபிமார்கள் செய்த தொழில். தெரிந்து போவது வேறு, தெரியாமல் வண்டியில் ஏறுவது வேறு.

அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. கட்டிய காசில் பாதியாவது திரும்பி வருமா என்று அலைந்துகொண்டிருக்கிறான். போன கிழமை டீச்சரின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்திருந்தேன், வைத்த இடத்தில் காணவில்லை. தேடினால் அவன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது, நடுவில் ஒரு பஸ் டிக்கட்டை அடையாளமாக வைத்திருந்தான். கடவுச்சீட்டு மாமியின் அலுமாரியில், அந்தக் கசெட்டுக்குக் கீழே இருக்கிறது.